நான்காம் தட்டில் நாச்சிமுத்து

மகள் தாரணியின் திருமணத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மாப்பிள்ளை வீட்டார் இருபத்திரண்டு பேருக்குப் படுக்கை ஒழுங்கு செய்யும் பொருட்டுத் தன் வீட்டுச் சுவரலமாரியின் நான்காம் தட்டை ஒழிக்கத் தொடங்கிய பூங்கோதை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்த பதினேழு விரிப்புகளுக்கும் கீழே, பதினெட்டாவது விரிப்புக்குள், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டவனாகிய தன் தம்பி நாச்சிமுத்து, எட்டாக மடிக்கப்பட்டு, ஓரம் பிசகாமல், அந்துருண்டை வாசனையோடு தூங்கிக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

அவள் குடியிருந்த காலனியை அறியாதவர்களுக்கு இது ஓர் ஆள் கிடைத்த செய்தியாகத் தோன்றும். அறிந்தவர்களுக்கோ இது முதலில் பூங்கோதையின் அலமாரியைப் பற்றிய செய்தி, பிறகுதான் ஆளைப் பற்றியது.

மற்ற ஊர்களில் மக்கள் தேவை ஏற்படும்போது கடைக்குப் போய் விரிப்பு வாங்குவார்கள். கரூரை அடுத்த அந்த நாற்பத்திரண்டு வீட்டுக் காலனியில் விரிப்புகள் தாமாகவே வந்து சேர்ந்தன. காலனியில் பாதிப்பேர் தறி ஓட்டினார்கள், மீதிப்பேர் சாயம் போட்டார்கள் அல்லது பெட்டி கட்டினார்கள். கடல் கடந்து போக வேண்டிய விரிப்பில் ஒரு நூல் பிசகினாலும் அது கப்பல் ஏறாது, நெய்தவர் வீட்டுக்கே வந்து சேரும். எனவே தீபாவளிக்கு விரிப்பு வந்தது, பொங்கலுக்கு விரிப்பு வந்தது, கிரகப்பிரவேசத்துக்கு மொய்யாகக் கொடுத்த விரிப்பு, கொடுத்தவர் வீட்டுக் காதுகுத்துக்கு மொய்யாகத் திரும்பி வந்தது. அவையோ வெள்ளைக்காரர்களின் கட்டிலுக்கென்று நெய்யப்பட்டவை. அந்த நாட்டில் ஒரு குடும்பம் முழுவதும் ஒரே கட்டிலில் குறுக்கே படுத்துறங்கும் போலும் என்று காலனிக்காரர்கள் நம்பும் அளவுக்கு அகலமானவை. விரிக்க இடமில்லாததால் எல்லாவற்றையும் மடிக்க வேண்டியிருந்தது. அதனால் அங்கே ஒரு பெண்ணின் திறமையைக் குழம்பைக் கொண்டோ கோலத்தைக் கொண்டோ எவரும் அளப்பதில்லை, அலமாரிக் கதவைத் திறந்தால் என்ன விழுகிறது என்பதைக் கொண்டே அளந்தார்கள்.

பூங்கோதையின் அலமாரியைத் திறந்தால் ஒன்றும் விழாது. முதல் தட்டில் துண்டுகள், இரண்டாம் தட்டில் தலையணை உறைகள், மூன்றாம் தட்டில் போர்வைகள், நான்காம் தட்டில் கப்பலேறாத பெரிய விரிப்புகள், ஐந்தாம் தட்டில் எவருக்கும் எப்போதும் கொடுக்கப்படாத நல்ல விரிப்புகள் என்று அடுக்கப்பட்டிருந்த அந்த அலமாரியைக் காட்டுவதற்காகவே புது மருமகள்களை மாமியார்கள் அழைத்து வந்தார்கள். இரண்டு பேர் நான்கு முனையைப் பிடித்து மடிக்க வேண்டிய விரிப்பை அவள் ஒருத்தியாகவே மடிப்பாள்: நடுவைத் தாடையால் அழுத்தி, முனைகளை விரலிடுக்கில் கோத்து, ஒரு முறை உதறி, மூன்று மடிப்பில் எட்டாக்கி வைத்தால், நான்கு முனையும் ஒரே முனையாகத் தெரியும். கையெழுத்தை அடையாளம் காண்பதுபோல அவளுடைய மடிப்பைக் காலனிப் பெண்கள் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டார்கள்.

குறை என்று ஒன்று இருந்ததென்றால், விரிந்து கிடக்கும் விரிப்பை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தவுடன் வீட்டில் விரிந்து கிடப்பவற்றையெல்லாம் மடித்து விடுவாள். விருந்தாளி ஒருவர் சற்றே புரண்டால் போதும், அவர் எழுந்துவிட்டார் என்று கொண்டு விரிப்பை உருவிவிடுவாள். தறிக்கூட மேற்பார்வையாளராகிய அவள் கணவர் அர்த்தநாரி, திருமணமான நாள்முதல், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாரான நிலையில், விளிம்பில் ஒருக்களித்துத்தான் உறங்கி வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒழிப்புக்குத் தலைமை தாங்கியவள் தாரணி. அவள் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, கூடத்தில் மூன்று குவியல்களுக்கு இடம் பிரித்திருந்தாள்: வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, கிழித்துத் தரை துடைப்பது.

“ஒரு வருஷமாத் தொடாதது எதுவா இருந்தாலும் வெளிய போயிரணும்மா. அதான் ரூல்.”

“அப்படிப் பார்த்தா மொதல்ல உங்கப்பாவோட உடற்பயிற்சி சைக்கிள்தான் போகோணும்” என்றாள் பூங்கோதை. “அப்பறம் உன்ற பாடப்புஸ்தகம்.”

மேலேயிருந்து எடுத்து மேலேயே வைப்பது வழக்கமாதலால் நான்காம் தட்டின் அடிவரை எவருடைய கையும் அதுகாறும் போனதில்லை. பதினெட்டாவது விரிப்பை உருவியபோது அது ஈரத்துணிபோலக் கனத்தது. தரையில் வைத்து முதல் மடிப்பைப் பிரித்தாள். ஒரு குதிகாலும் ஒரு காதும் தெரிந்தன. இரண்டாம் மடிப்பைப் பிரித்தாள். கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. மூன்றாம் மடிப்பைப் பிரித்தவுடன் நாச்சிமுத்து தலைக்கு வைத்திருந்த துணிப்பையோடு எழுந்து நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அக்கா, காப்பி ஆச்சா? காது குத்தறதுக்கு நேரமாயிருச்சா?” என்று கேட்டான்.

பத்தொன்பது ஆண்டுகளாகக் கேட்பதற்கென்று தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த கேள்வி ஒன்று பூங்கோதையிடம் இருந்தது. வியப்பதற்கு முன்பாக அது முந்திக்கொண்டது.

“சொல்லாமக் கொள்ளாம எங்கடா போய்த் தொலைஞ்சே?”

“எங்க போனேன்? இங்கதானே படுத்துட்டிருந்தேன்” என்றான் நாச்சிமுத்து. பிறகு தாரணியைப் பார்த்து, “இந்தப் புள்ள யாரு?” என்றான்.

“மடியில உக்கார வெச்சுக் காது குத்தோணும்னு வந்தியே, அவதான்.”

தாரணி, கையில் தலையணை உறையோடு, தாயையும் மாமனையும் மூன்று குவியல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “அம்மா, மாமாவ எந்தக் குவியல்ல வெக்கறது?”

அந்த நேரத்தில் உள்ளே வந்த அர்த்தநாரி, மனைவியின் உறவினரைக் கண்டால் எப்போதும் சொல்வதையே சொன்னார்: “வாங்க மாப்பிள்ளை. ரயிலு நேரத்துக்கு வந்துதுங்களா?”

நடந்தது இதுதான். தாய்தந்தை இல்லாத நாச்சிமுத்துவைப் பூங்கோதைதான் வளர்த்தாள். இருபத்தேழு வயதில், சூரத்தில் நூல் வியாபாரி ஒருவரிடம் வேலையாக இருந்தவன், அப்போது மூன்று வயதாகியிருந்த தாரணிக்குக் காது குத்துவதற்காக ரயிலேறி வந்து, முதல்நாள் மாலை சேர்ந்து, கூடத்தில் நிறைந்து கிடந்த இருபது விருந்தாளிகளுக்கு நடுவே, மிக அகலமான விரிப்பு ஒன்றில் ஓர் ஓரமாகப் படுத்தான். காலையில் ஆளைக் காணவில்லை, பையைக் காணவில்லை, வாசலில் செருப்பையும் காணவில்லை. ஆகவே போய்விட்டான் என்று முடிவாயிற்று. காது குத்த வந்த ஆசாரி நெடுநேரம் காத்திருந்து முனகத் தொடங்கியதும், எதிர்வீட்டு லாரி ஓட்டுநர் சின்னுசாமியின் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காரியத்தை முடித்தார்கள். அன்று முதல் சின்னுசாமி தம்மைத் தாய்மாமனாகவே கருதிக்கொண்டார். நாச்சிமுத்துவை நாக்பூரில் கண்ணால் கண்டதாகவும், கூப்பிட்டும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் அவர் சொன்னது, அந்த வீட்டுக்கு அவனைப் பற்றி வந்த கடைசிச் செய்தி.

போனவன் போகட்டும் என்று பூங்கோதை வாய்மூடி இருக்கவில்லை. கூடப்பிறந்தவன் சபையில் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டுச் சொல்லாமல் போனதைக் குழாயடியிலும் கோயிலிலும் சொன்னாள், வந்தவரிடமெல்லாம் சொன்னாள், குரல் தழுதழுக்க ஐந்தாண்டும் தழுதழுக்காமல் பதினான்காண்டும் சொன்னாள்; அதனால் காலனியில் அவனுடைய பெயர் ஒரு வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. பந்தியில் உட்காராமல் நழுவுபவரை “நாச்சிமுத்து பண்ணிட்டாரு” என்றார்கள். சீட்டு விளையாட்டில் பாதியில் எழுபவரை “நாச்சிமுத்து பண்ணாதீங்க” என்றார்கள். அவன் யார் என்றே அறியாத தலைமுறை ஒன்று அந்தச் சொல்லோடு வளர்ந்து வேலைக்கும் போய்விட்டது.

அவன் கிடைத்த செய்தி நண்பகலுக்குள் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் எட்டியது. வந்து பார்த்தவர்களில் எவரும், ஓர் ஆள் எவ்வாறு விரிப்போடு மடிய முடியும் என்று கேட்கவில்லை. அந்த விரிப்புகளின் அகலத்தை அவர்கள் அறிவார்கள். இருபத்தேழு வயது இன்னும் இருபத்தேழாகவே இருப்பது எப்படி என்று ஒருவர் கேட்டதற்கு, இஸ்திரிக்காரர் பழனியப்பன், “மடிச்சு வெச்ச துணி எங்கீங்க வெளுக்குது?” என்றார், அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் வேறு கேள்விகள் இருந்தன, அவை கடுமையாக விவாதிக்கப்பட்டன. வாக்காளர் பட்டியலில் எந்த வயதைக் கொடுப்பது? மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு வயதாயிருக்க, ஒரு வயது இளையவனை அவர் எப்படி மாமா என்று அழைப்பார்? எல்லாவற்றுக்கும் மேலாக, நாக்பூரில் சின்னுசாமி பார்த்தது யாரை?

“நான் பார்த்தது பார்த்ததுதானுங்க” என்றார் சின்னுசாமி, கூடத்துச் சுவரில் சாய்ந்து, நாச்சிமுத்துவை ஐயத்தோடு நோக்கியபடி. “இவரு அலமாரியில இருந்திருக்கலாம். அதுக்காக நாக்பூர்ல இல்லைன்னு ஆயிருமா?”

“உங்க கண்ணுக்குச் சோத்துல கெடக்கற கல்லே தெரியாது” என்றாள் அவர் மனைவி ருக்குமணி. “நாக்பூர்ல ஆள் தெரிஞ்சுதாக்கும்.”

அன்று மாலையே காலனியில் எல்லா வீட்டு அலமாரிகளும் ஒழிக்கப்பட்டன. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் திறக்கப்படாத அடித்தட்டுகள் திறக்கப்பட்டு, எல்லா வாசல்களிலும் விரிப்புகள் உதறப்பட, சாலை முழுவதும் அந்துருண்டை மணத்தது. ஒளித்து வைத்த மதிப்பெண் பட்டியல்கள் இரண்டும், ஒற்றைக் கொலுசு ஒன்றும், எவருடையவை என்று எவரும் ஒப்புக்கொள்ளாத பல் செட்டு ஒன்றும் கிடைத்தன. ஆள் எவரும் கிடைக்கவில்லை. சிலர் அதை வெளிக்காட்டிக்கொள்ளாமல் வருந்தினார்கள். ருக்குமணி மட்டும், எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வராதவரான தன் மாமியார் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பை, எதற்கு வம்பு என்று, உதறாமலே திரும்ப வைத்துவிட்டாள்.

நாச்சிமுத்துவிடம் மடிப்பு இருந்தது. நெற்றியிலும் மார்பிலும் முழங்காலிலும் கோடு விழுந்திருந்ததால், உட்கார முயன்றால் அவன் உட்காரும் அளவோடு நிற்காமல் முழுவதுமாக மடிந்துபோனான். கையிரண்டையும் ஒருவரும் காலிரண்டையும் ஒருவரும் பற்றி ஒரு முறை உதறினால்தான் மீண்டும் நேரானான். பழனியப்பனை அழைத்துக் காட்டினார்கள். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நேரே வைத்தால் தாங்காது, தண்ணீர் தெளித்து மொட்டைமாடி நிழலில் காற்றாட நடக்க விடுங்கள், நாலு நாளில் கோடு போய்விடும் என்றார். அவ்வாறே ஆயிற்று. மாடியில் அவன் நடக்க, தாரணி செம்பில் தண்ணீர் எடுத்துத் தெளித்தபடி, தொடுதிரைச் செல்பேசி என்பது என்ன, பேருந்து நிலையம் இப்போது எங்கே, மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு கூடவே நடந்தாள்.

“நல்ல பையனா?”

“உங்களவிடப் பெரியவரு மாமா. பையன்னு சொல்லாதீங்க.”

தாய்மாமன் முறையில் தாரணியின் நெற்றியில் பட்டம் கட்டி மணமேடைக்கு அழைத்துச் செல்லும் உரிமை அவனுக்கே என்று பெரியவர்கள் தீர்ப்பளித்தார்கள். அதற்கென்று ஏற்கனவே பட்டு வேட்டி எடுத்து வைத்திருந்த சின்னுசாமி, “எனக்கென்னங்க” என்று மூன்று முறை சொன்னார்.

நான்காம் நாள், கோடுகள் மங்கிய மகிழ்ச்சியில், நாச்சிமுத்து தெருமுனைத் தேநீர்க் கடைவரை தனியாக நடந்து போனான். தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் எழுந்து போன ஒருவரைப் பார்த்துக் கடைக்காரர் உரக்கச் சொன்னார்:

“ஏனுங்க, பாதி டீய வெச்சுட்டு நாச்சிமுத்து பண்றீங்களே!”

“என்னையக் கூப்பிட்டீங்களா?” என்று அவன் கேட்டான்.

கடையில் இருந்தவர்கள் அனைவரும் தங்கள் தங்கள் கோப்பைகளை ஆராயத் தொடங்கினார்கள். பிறகு ஒருவர், மிகுந்த மரியாதையோடு, விளக்கம் சொன்னார்.

அவன் வீடு திரும்பியபோது பூங்கோதை தலையணை உறைகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் பண்ணாத ஒன்ன என்ற பேர்ல ஊரே பண்ணிட்டிருக்குது.”

“ஊரு ஆயிரம் சொல்லும். அதயெல்லாம் காதுல வாங்குவாங்களா?”

“ஊருக்கு யாரு சொன்னாங்க?”

பூங்கோதை ஓர் உறையை எடுத்து, மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

“எனக்குக் கோவமில்லக்கா. நேத்துப் படுத்தேன், இன்னிக்கு எந்திரிச்சேன், எனக்கு அவ்வளவுதான். ஆனா எல்லாரும் இருக்கறப்ப நீ ஒரு வார்த்த சொல்லு. என்ற தம்பி போகல, நாந்தான் பார்க்காம மடிச்சு வெச்சுட்டேன்னு சொல்லு. பட்டங் கட்டறேன். சொல்லலீன்னா சின்னுசாமியண்ணனே கட்டட்டும். அவருக்குத்தான் வேட்டியும் இருக்குது.”

திருமணத்துக்கு எட்டு நாட்கள் இருந்தன. பூங்கோதையோ, புது மருமகள்களுக்குக் கற்றுத்தரும்போது முதற்பாடமாக, “மடிக்கறதுக்கு முன்னால உதறோணும், உதறாம மடிக்கறவ கையில எதையும் நம்பிக் குடுக்கப்படாது” என்று சொல்பவள். முப்பத்தேழு மருமகள்கள் அவளிடம் அவ்வாறு கற்றிருந்தார்கள். உதறியிருந்தால் தம்பி விழுந்திருப்பான் என்பதை அவளுக்கு வேறு எவரும் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. அவளே நாள் முழுவதும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் குழம்பில் உப்பில்லை. மூன்றாம் நாள் அவள், யார் மடித்தது என்று இத்தனை ஆண்டுக்குப் பிறகு யாருக்குத் தெரியும், வீட்டில் வேறு ஆளே இல்லையா என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

காற்று இருந்த திசையில் அர்த்தநாரி இருந்தார். அவர் சற்று யோசித்துவிட்டு, “நான் மடிச்சேன்னு சொல்லீர்றேன்” என்றார். “எனக்கென்ன, பேரா கெட்டுப்போகுது? இருந்தாத்தானே.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, காலனியின் தண்ணீர்த் தொட்டியடியில், திருமணப் பந்தல் பற்றிப் பேசுவதற்கென்று கூட்டப்பட்ட கூட்டத்தில், பந்தலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அர்த்தநாரி எழுந்து, கைகளைப் பிசைந்துகொண்டு, காதுகுத்தன்று விடியலில் விரிப்பைப் பார்க்காமல் மடித்தது தாமே என்று, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல, எங்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்தார். நாச்சிமுத்து தொட்டியின் தூணில் சாய்ந்து, அக்காளை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நீங்களா அண்ணா?” என்றாள் ருக்குமணி. “எட்டாவா மடிச்சீங்க?”

“எட்டாத்தானுங்க.”

“எங்க, இப்ப ஒருக்கா மடிச்சுக் காட்டுங்க, பார்க்கலாம்.”

விரிப்பு ஒன்று கொண்டுவரப்பட்டது. அர்த்தநாரி அதன் இரண்டு முனைகளைப் பிடித்தார், மற்ற இரண்டும் எங்கே என்று தேடினார், ஒன்று கிடைத்தது. தாடையால் அழுத்த வேண்டும் என்று நினைவு வந்து அழுத்தினார். பிடித்திருந்த முனை நழுவியது. முப்பதாண்டுகளில் பல்லாயிரம் விரிப்புகள் தறியிலிருந்து இறங்கக் கண்ட அந்த மனிதர், ஒரு விரிப்புக்குள் தலைமறைந்து, உள்ளிருந்தபடியே “இருங்க, இருங்க” என்று சொல்லிக்கொண்டு, வியர்த்து வெளிவந்து, கடைசியில் அதை உருட்டி, மளிகைக் கடைப் பொட்டலம்போல ஒன்றாக்கி, ஒரு முனை வாலாகத் தொங்க, மேசைமேல் வைத்தார். சிரிப்பில் தொட்டியின் மேலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

பூங்கோதை சிரிக்கவில்லை. அவள் அந்த வாலைப் பார்த்தாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், மறுபடியும் பார்த்தாள். தன் பெயர் முழுவதும் அந்தப் பொட்டலத்தைத் தொடாமல் இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது என்பதை அவள் நன்கு அறிவாள், அறிந்தே புடவைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொண்டு அரை நிமிடம் இருந்தாள், ஒரு நிமிடம் இருந்தாள், அதற்குமேல் முடியவில்லை. எழுந்து வந்து, அதைக் கணவரிடமிருந்து பிடுங்கி, ஒரே வீச்சில் உதறி, நடுவைத் தாடையால் அழுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று மடித்து மேசைமேல் வைத்தாள். நான்கு முனையும் ஒரே முனையாகத் தெரிந்தன.

சிரிப்பு அடங்கிவிட்டது. முப்பத்தேழு மருமகள்களும் அந்த மடிப்பைப் பார்த்தார்கள்.

“மடிச்சது நாந்தான்” என்றாள் பூங்கோதை. தொடக்கத்தில் அவள் குரல் பாடம் நடத்தும் குரலாகவே இருந்தது. “அன்னிக்கு மூணு மணிக்கே எந்திரிச்சுட்டேன். இருவது பேருக்குப் பலகாரம் பண்ணோணும். விரிப்புல ஆளு தெரியல, ஓரமாச் சுருண்டு கெடந்திருப்பான், உதறல, மடிச்சு வெச்சுட்டேன். மடிப்புல தப்பில்ல. ஓரம் சரியாத்தான் இருந்துச்சு.” பிறகு குரல் வேறாயிற்று. “அது இல்ல இப்ப. அவனக் காணோம்னதும் தேடியிருக்கோணும். சூரத்துக்கு ஒரு தந்தி அடிச்சிருந்தா அங்க வரலைன்னு தெரிஞ்சிருக்கும். கோவம் இருந்துச்சு, அதனால தேடல. கோவத்த எடுத்து வெக்கறது சுலபமா இருந்துச்சு எனக்கு. பத்தொம்பது வருஷம் வீட்டுக்குள்ளயே கெடந்திருக்கான். நான் ஊரெல்லாம் அவனப் பத்திப் பேசிட்டிருந்திருக்கறேன்.”

அப்போது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு கனைப்பு எழுந்தது.

“செருப்ப நாந்தானுங்க போட்டுட்டுப் போனேன்” என்றார் சின்னுசாமி. “வாசல்ல இருவது சோடி கெடந்துச்சு. என்றது கெடைக்கல. விடியக்காலமே நாக்பூர் லோடு ஏத்தப் போகோணும்னு, கால்ல ஏறுனத மாட்டிட்டுப் போயிட்டேன். காதுகுத்து முடிஞ்சு நாக்பூருக்கும் அதுலயே போனேன்.” அவர் சற்று யோசித்தார். “அப்படிப் பார்த்தா, நாக்பூர்ல நான் பார்த்தது பொய்யில்லைங்க. ஆள இல்ல. செருப்பப் பார்த்திருக்கறேன்.”

“உங்க கால்லயே இருந்ததப் பார்த்தீங்களாக்கும்!” என்றாள் ருக்குமணி.

நாச்சிமுத்து தூணை விட்டு வந்தான். மேசைமேல் இருந்த விரிப்பை எடுத்துப் பிரித்து, இரண்டு முனைகளை அக்காளிடம் நீட்டி, மற்ற இரண்டைத் தான் பிடித்துக்கொண்டான். “புடி” என்றான். இருவரும் மடித்தார்கள். பழக்கமில்லாத கை ஒன்று மறுபுறம் இருந்ததால், மடிப்பு இரண்டு விரற்கடை பிசகியது. பூங்கோதை அதைப் பார்த்தாள். அனைவரும் அவள் அதைப் பார்ப்பதைப் பார்த்தார்கள். அவள் சரிசெய்யவில்லை.

அந்த வினைச்சொல்லை இனி எவரும் வழங்கலாகாது என்று அன்றைய கூட்டம் தீர்மானித்தது. தீர்மானத்தில் கையெழுத்திடாமல் எழுந்து சென்ற ஒருவரைக் காலனித் தலைவரே பழக்கத்தில் அந்தச் சொல்லால் குறிப்பிட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. மார்பில் ஒரே ஒரு கோடு மட்டும் மிஞ்சியிருந்த நாச்சிமுத்து, சின்னுசாமி தாமாகவே கொண்டுவந்து கொடுத்த பட்டு வேட்டியை உடுத்தி, தாரணியின் நெற்றியில் பட்டம் கட்டி, கைப்பிடித்து மேடைக்கு அழைத்துச் சென்றான். மாப்பிள்ளை தம்மைவிட இளையவனைப் பார்த்து, பெருமுயற்சி செய்து, “மாமா” என்றார். மாப்பிள்ளை வீட்டார் இருபத்திரண்டு பேரும் பூங்கோதை வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை எட்டு மணிவரை எல்லா விரிப்பும் விரிந்தபடியே கிடக்க, அவள் சமையலறையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவரும் எழுந்து, பல் துலக்கி, தன் கண்முன் காப்பி குடித்த பிறகே அவரவர் விரிப்பை எடுத்து, வாசலுக்குக் கொண்டுபோய், இரண்டு முறை உதறி மடித்தாள். இருபத்திரண்டும் சரியாக இருந்தன.

இனிமேல்தான் சிக்கல். மும்பைக்கு அருகே பிவண்டியில் விசைத்தறி வைத்திருக்கும் பழைய நண்பன் ஒருவன், செய்தி கேட்டு, உடனே புறப்பட்டு வா என்று நாச்சிமுத்துவை அழைத்தான். அவனுக்கும் போக வேண்டும். இருபத்தேழு வயதுக்காரன், பத்தொன்பது ஆண்டு தூங்கியாயிற்று, உலகத்தைப் பார்க்க வேண்டாமா? திருமணம் முடிந்த ஐந்தாம் நாள் குளித்து, தலைவாரி, பையோடு அக்காளிடம் வந்து, “அக்கா, நான் போயிட்டு—” என்று தொடங்கினான். “பாலு பொங்குது” என்று அவள் உள்ளே ஓடினாள். மறுநாள் தொடங்கினான், அவளுக்குக் குளியலறையில் வேலை இருந்தது. அதற்கு மறுநாள் அவள் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தாள், முக்கால் மணி நேரம். இரண்டு ரயில்கள் போய்விட்டன. சொல்லாமல் புறப்பட்டுவிட அவனால் முடியாது. அவன் பையைத் தோளில் மாட்டினாலே நாற்பத்திரண்டு வீட்டு ஜன்னல்களும் திறந்தன, அவன் அந்தச் சொல்லை மீண்டும் உயிர்ப்பிக்கிறானா என்று பார்ப்பதற்கு.

“என்கிட்டச் சொல்லிட்டுப் போங்க மாப்பிள்ளை” என்றார் அர்த்தநாரி, இரக்கத்தோடு.

“உங்ககிட்டச் சொன்னாச் சொன்னதாகாதுங்க மாமா.”

“அதுவும் சரிதான்.”

இன்று காலையும் அவன் பையோடு சமையலறை வாசலில் வந்து நின்றான். பூங்கோதை திரும்பிப் பார்க்கவில்லை. காலடி ஓசையிலேயே அவன் வந்திருப்பதை உணர்ந்தவளாய், கை நீட்டி மிக்ஸியின் திருகை முழு வேகத்தில் வைத்தாள். அவன் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து, மிக்ஸி நிற்கட்டும் என்று காத்திருந்தான். அவள் நிறுத்தவில்லை. ஜாடியின் மூடியை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றாள். ஜாடிக்குள் ஒன்றும் இல்லை.